தோல் உறையும் மாற்றும் உள்ளேடும்: பீடோங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலைக்குத் தெற்கே, சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பீடோங். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்க் காடு, இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. இங்கே ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். என் கையில் எப்போதும் இருக்கும் தோல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு முதலில் அலுவலகத்தில் விசாரித்தார்கள். அப்புறம் கோவிலில், அப்புறம் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்கள். சிலருக்கு நானே உறை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது டைரிதானே அக்கா? என்ன வித்தியாசம்?

டைரியில் அட்டையும் தாளும் ஒன்றாகத் தைத்திருக்கும். வருடம் முடிந்தால் இரண்டும் சேர்ந்து பரணுக்குப் போகும். இதில் உறை ஒரே ஒரு தோல் துண்டு. நடு மடிப்பில் ஒரு எலாஸ்டிக் நூல் ஓடுகிறது. மெல்லிய நோட்டுப் புத்தகத்தை நடுப்பக்கத்தில் பிரித்து அந்த நூலுக்குள் நுழைத்துவிட்டால் போதும், நின்றுகொள்ளும். எழுதி முடிந்ததும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். அந்த மெல்லிய புத்தகத்தைக் கடையில் ரீஃபில் என்பார்கள். நான் உள்ளேடு என்கிறேன்.

இந்த அமைப்பை உலகம் முழுக்கப் பரப்பியது ஜப்பானின் மிடோரி நிறுவனம் 2006-இல் கொண்டுவந்த டிராவலர்ஸ் நோட்புக். அதன் தோல் உறைகள் தாய்லாந்தின் சியாங் மாயில் தயாராகின்றன. அதற்கும் வெகு காலம் முன்பே, 1921-இல், லண்டனில் ஃபைலோஃபேக்ஸ் தொடங்கியது. அது வளையம் வைத்தது, ஆறு துளைத் தாள். வளையத்தில் ஒரு தனித் தாளை எடுத்து இடம் மாற்றலாம், எலாஸ்டிக்கில் அது முடியாது. ஆனால் வளையப் புத்தகம் தடிமனாக இருக்கும். இடப் பக்கத்தில் எழுதும்போது கை வளையத்தில் இடிக்கும். மேசையை விட்டு நகராதவர்களுக்கு வளையம் நல்லது. மோட்டார் சைக்கிளிலும் தோட்டத்திலும் திரிகிறவர்களுக்கு எலாஸ்டிக்தான் என்று சொல்வேன்.

கடையில் மலிவாக அச்சடித்த பிளானர் கிடைக்கிறதே, இதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

எனக்கு விலையைவிட முக்கியமான காரணம் வேறு. அச்சடித்த பிளானரின் வாரம் நம் வீட்டு வாரத்தோடு ஒத்துப்போவதில்லை.

கெடாவில் அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை. பிள்ளைகளுக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறக்கிறது. ஆற்றைத் தாண்டி பினாங்கில் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. எங்கள் வீட்டில் என் கணவர் பினாங்குக் கணக்கு, மகள் கெடாக் கணக்கு. இருவரும் ஒன்றாக வீட்டில் இருப்பது சனிக்கிழமை மட்டும்தான். கல்யாணம், காதுகுத்து, தாத்தா வீடு, பல் டாக்டர் எல்லாம் அந்த ஒரு நாளில்தான் அடங்க வேண்டும். கடையில் வாங்கும் பல வாரத் திட்டங்களில் திங்கள் முதல் வெள்ளி வரை பெரிய கட்டம், சனிக்கும் ஞாயிறுக்கும் சேர்த்து ஒரு சின்னக் கட்டம். எனக்கு எழுத அதிகம் இருக்கும் நாளுக்குத்தான் அதில் இடமே இருக்காது.

நானே கோடு போட்ட உள்ளேட்டில் சனிக்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு முதல் வியாழன் வரை நாளுக்கு ஆறு வரி, வெள்ளிக்குப் பத்து வரி.

பள்ளி ஆண்டையும் பாருங்கள். 2022-இல் மார்ச்சில் தொடங்கியது, 2025-இல் பிப்ரவரிக்கு வந்தது, 2026-இல் மறுபடியும் ஜனவரி. ஜனவரி முதல் டிசம்பர் வரை அச்சடித்த டைரி வாங்கிய ஆசிரியர்கள் இடையில் இரண்டு டைரிகளைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தேதி இல்லாத உள்ளேட்டை எந்த மாதத்திலும் தொடங்கலாம். நடுவில் ஒரு வாரம் எழுதாமல் விட்டாலும் வெற்றுப் பக்கம் வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அசல் மிடோரிதான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நல்ல பொருள்தான், ஆனால் நூறு ரிங்கிட்டுக்கு மேல் போகும். வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு தோல் துண்டு, கொஞ்சம் எலாஸ்டிக், ஒரு துளைக் கருவி போதும். எப்படி வெட்டுவது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த அளவு நல்லது?

மூன்று அளவுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மிடோரியின் நீள அளவில் உள்ளேடு 110-க்கு 210 மி.மீ. அதன் பாஸ்போர்ட் அளவு 89-க்கு 124. மூன்றாவது ஏ6, அதாவது 105-க்கு 148, ஏ4 தாளில் நான்கில் ஒரு பங்கு. வாரத்தை ஒரே பார்வையில் காண விரும்புகிறவர்களுக்கு நீள அளவு சுகம். பாஸ்போர்ட் அளவு சட்டைப் பைக்கு நல்லது, ஆனால் தினசரி திட்டத்துக்கு இடம் போதாது. முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் ஏ6-ஐத்தான் சொல்வேன், ஏனென்றால் தாள் கொஞ்சமும் வீணாகாது.

சின்ன உறை வேண்டும் என்றால் இன்னொரு வழியும் உண்டு. நம் ஊர் மளிகைக் கடையில் பற்று எழுதும் 555 புத்தகம் எல்லாருக்கும் தெரியும். அம்மா மாதம் முழுக்கக் கடனுக்கு வாங்கிய அரிசியும் மண்ணெண்ணெயும் அதில்தான் ஏறும், சம்பள நாளில் கோடு போட்டுத் தீரும். அதை அளந்து, அதற்கேற்ற உறை வெட்டிக்கொண்டால் எந்தச் சின்ன ஊரிலும் ரீஃபில் தட்டுப்பாடு வராது. என் முதல் உறையே 555-க்கு வெட்டியதுதான். இப்போதும் செலவுக் கணக்குக்கு அதையே வைத்திருக்கிறேன்.

உள்ளேட்டை வீட்டிலேயே செய்வது எப்படி?

ஏ6-க்கு: சாதாரண ஏ4 நகல் தாள் எட்டு எடுத்து, குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். பதினாறு துண்டு கிடைக்கும். அவற்றை அடுக்கி நடுவில் மடித்தால் 64 பக்கம். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் இரண்டு மாதத்துக்குச் சரியாக வரும். மேலே ஒரு தடித்த தாளை அட்டையாகப் போடுங்கள். பழைய நாட்காட்டியின் மாதத்தாள் இதற்கு நன்றாக இருக்கும். என் உள்ளேடுகளுக்கு முருகனும் லட்சுமியும்தான் அட்டை.

நீள அளவுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏ4 தாளின் அகலமும் 210 மி.மீ., நீள உள்ளேட்டின் உயரமும் 210. ஆகவே தாளின் நீளத்தில் 77 மி.மீ. மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மீதி 220-ஐ நடுவில் மடித்தால் அளவு சரியாக வந்துவிடும். வெட்டிய பட்டையைச் சந்தைக்குப் போகும்போது சாமான் பட்டியல் எழுத வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் எளிது. மடிப்பில் மூன்று துளை போடுங்கள். நடுத்துளையில் உள்ளிருந்து ஊசியை வெளியே கொண்டுபோய், மேல் துளை வழியாக உள்ளே வாருங்கள். உள்பக்கமாக நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்குப் போய் வெளியேறி, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வந்து, நீளமாக ஓடும் நூலை இடையில் வைத்து இரண்டு முனைகளையும் முடிச்சுப் போடுங்கள். பூக்கட்டும் நூல் வேண்டாம், அறுந்துவிடும். தோல் தைக்கும் மெழுகு நூலோ, மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்த தடித்த பருத்தி நூலோ நல்லது. மடித்ததும் உள்தாள்கள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரும்பு அடிக்கோல் வைத்துக் கத்தியால் ஒரு முறை சீவிவிடுங்கள்.

உறைக்குள் எத்தனை வைக்கலாம்? எதையெல்லாம் வைக்கலாம்?

மூன்று. நான்காவதை வைத்தால் உறை உப்பி, எழுதும்போது ஆடும். எலாஸ்டிக் உள்ளே இரண்டு இழையாக ஓடுவதால் இரண்டு உள்ளேடுகள் நேரே நிற்கும். மூன்றாவதை ஒரு தனி ரப்பர் வளையத்தால் அவற்றில் ஒன்றோடு இணைக்க வேண்டும்.

என் முதல் உள்ளேடு மாதக் கட்டம். ஒவ்வொரு மாதமும் தினசரி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, பிரதோஷம் எல்லாவற்றையும் பென்சிலில் குறித்துவிடுவேன். அப்புறம் பள்ளி விடுமுறை, சம்பள நாள், மோட்டார் சைக்கிள் சாலை வரி முடியும் நாள். இரண்டாவது தினசரி ஏடு. மூன்றாவது காலத்துக்கு ஏற்ப மாறும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பிருந்து அது முறுக்கு ஆர்டர் ஏடு: யாருக்கு, எத்தனை டப்பா, முன்பணம் எவ்வளவு, எந்த நாளில் வேண்டும். தீபாவளி முடிந்ததும் அதை உருவி வைத்துவிடுவேன். அடுத்த வருடம் மாவு எவ்வளவு வாங்க வேண்டும் என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். முழு டைரியில் எழுதினால் இந்தக் கணக்கைத் தேடி எடுக்க நேரமாகும்.

எங்களுக்குச் செம்பனைத் தோட்டம் நாலு ஏக்கர் இருக்கிறது. வாரக் கணக்கில் எழுதினால் சரியாக வருவதில்லை. என்ன செய்வது?

வாரக் கணக்கை விட்டுவிடுங்கள். செம்பனைக்கு வாரம் கிடையாது, சுற்றுதான். குலை வெட்டுக்கு வழக்கமாகப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒரு சுற்று. மழையும் ஆள் பற்றாக்குறையும் அதை இழுத்துவிடும். ஏழு நாள் கட்டத்தில் இதை எழுதினால் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு உள்ளேட்டில் ஒரு சுற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப் பக்கம் மேலே சுற்று எண், தொடங்கிய தேதி, முடிந்த தேதி. கீழே ஆள் கூலி, எத்தனை குலை, உதிரிப் பழம் எத்தனை சாக்கு. வலப் பக்கம் ஆலைக்கோ வாங்குபவருக்கோ போட்ட எடை, அன்றைய விலை, கைக்கு வந்த தொகை. உதிரிப் பழத்தைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழுத்தால்தான் பழம் உதிரும். ஒரு சுற்றில் உதிரி திடீரென்று கூடிவிட்டால் வெட்டுத் தாமதமாகியிருக்கிறது என்று பொருள். மூன்று சுற்றுக் கணக்கு வரிசையாக இருந்தால் அது கண்ணில் படும்.

எடைச் சீட்டுக்கு உறையின் பின்பக்கம் ஒரு காகித உறையை ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சீட்டை நம்பி எழுதாமல் விடாதீர்கள். பல சீட்டுகள் வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர்ச் சூட்டில் சில மாதத்தில் வெளுத்துப்போய் வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே எண்ணை ஏட்டில் ஏற்றுங்கள்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய் நிற்பார், கிராணி செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் போடுவார். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. எத்தனை நாள் பேர் விழுந்தது என்பது கிராணியின் புத்தகத்தில் மட்டுமே இருந்தது, அப்பாவிடம் எழுத்தில் எதுவும் இல்லை. சம்பளம் குறைந்திருக்கிறது என்று தோன்றிய மாதங்களில் அவரால் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. இன்று அதே செக்ரோலை நான் எழுதுகிறேன். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் யார் வந்து கேட்டாலும், உறை இருக்கிறதோ இல்லையோ, உங்கள் நாளை நீங்களும் ஒரு புத்தகத்தில் எழுதுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

மாட்டுத் தோலா? பூஜை அறையில் வைக்கலாமா?

பெரும்பாலும் மாட்டுத் தோல்தான். கேட்கிறவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். மனம் ஒப்பாதவர்கள் ஆட்டுத் தோல் வாங்கலாம், மென்மையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் மடங்கும். தோலே வேண்டாம் என்றால் தடித்த கான்வாஸ் துணியில் இதே அமைப்பைச் செய்யலாம். என் அத்தைக்கு அப்படித்தான் தைத்துக் கொடுத்தேன், கந்த சஷ்டிக் கவசமும் விரத நாட்களும் எழுதி வைத்திருக்கிறார். தோல் உறையைப் பூஜை அறைக்குள் நான் கொண்டுபோவதில்லை. புது உள்ளேட்டுக்குப் பிள்ளையார் சுழி போடும் அன்று உறையில் செருகுவதற்கு முன் உள்ளேட்டை மட்டும் சாமி முன் வைத்து எடுத்துக்கொள்வேன்.

தோல் வாங்கும்போது தாவரச் சாற்றில் பதனிட்டதா, குரோம் உப்பில் பதனிட்டதா என்று கேளுங்கள். தாவரப் பதனீடு நமக்குப் புதியது அல்ல. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போனது. இந்த வகைத் தோல் கைபட்டுக் கைபட்டு நிறம் ஆழ்ந்து பளபளப்பாகும், கீறலும் அழகாக மங்கும். குரோம் தோல் தண்ணீரைக் கொஞ்சம் அதிகம் தாங்கும், நிறம் அவ்வளவாக மாறாது.

உறையில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம், காப்பாற்றலாம். நம் காற்றின் ஈரத்தில் இது எல்லாருக்கும் நடக்கும், அதிலும் அலமாரிக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தால் நிச்சயம். உள்ளேடுகளை உருவிவிட்டு, வீட்டுக்கு வெளியே போய் உலர்ந்த துணியால் பூஞ்சணத்தைத் துடையுங்கள். பிறகு காடியில் (வினிகரில்) பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு முறை துடையுங்கள். முதலில் உட்புற மூலையில் சோதித்துப் பாருங்கள், சில தோல் நிறம் மாறும். நிழலில், காற்றில் உலர விடுங்கள். நடு வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். உலர்ந்ததும் தேன்மெழுகு கலந்த தோல் கிரீமைக் கொஞ்சமாகத் தேயுங்கள்.

தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தேய்க்காதீர்கள். திட்டுத் திட்டாகக் கறுக்கும், நாளானால் சிக்கு வாடை வரும், தாளிலும் எண்ணெய் இறங்கும்.

தினமும் கையில் எடுக்கும் உறைக்குப் பூஞ்சணம் அவ்வளவாக வராது.

எந்தப் பேனா?

வெளியில் எழுதுகிறவர்களுக்குச் சாதாரண பால்பாயிண்ட். அதன் மை எண்ணெய் சார்ந்தது, மழைத்துளி பட்டாலும் ஓடாது. ஜெல் பேனா பலவும் ஓடும். மைப்பேனாப் பிரியர்கள் தொமோயே ரிவர் போன்ற தாளை (சதுர மீட்டருக்கு 52 கிராம்) தேடுவார்கள். மெல்லிய தாள், ஆனால் மை பரவாது. நகல் தாளில் மைப்பேனா கசியும்.

உரசினால் அழியும் பேனாவைத் திட்டம் எழுதப் பயன்படுத்தாதீர்கள். அந்த மை சுமார் 60 டிகிரி சூட்டில் நிறம் இழக்கும். மதியம் வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் புத்தகத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தால் பக்கம் வெறுமையாக இருக்கும். எனக்கு ஒரு மாதக் கணக்கு அப்படிப் போனது. நெகிழிப் பையில் சுற்றி, குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்ததில் எழுத்து மங்கலாகத் திரும்பி வந்தது, ஆனால் படிக்கக் கண் வலித்தது.

உறையை நானே வெட்டுவதென்றால் அளவு சொல்லுங்கள்.

மூன்று ஏ6 உள்ளேடு வைக்க, 1.5 முதல் 2 மி.மீ. தடிப்புள்ள தோல் 160-க்கு 245 மி.மீ. போதும். முதலில் அட்டையில் வெட்டி உள்ளேடுகளை வைத்து மூடிப் பாருங்கள், பிறகு தோலைத் தொடுங்கள். நடுக்கோட்டில் மேலே பத்து மி.மீ. உள்ளே தள்ளிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை, கீழேயும் அப்படியே இரண்டு. நான்கிலும் எலாஸ்டிக்கை ஓட்டி, முதுகின் வெளிப்பக்கம் முடிச்சுப் போடுங்கள். பின்னட்டையின் நடுவில் ஒரு துளை போட்டு, உறையைச் சுற்றி மூடும் எலாஸ்டிக்கை அதில் கட்டுங்கள். எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் தோல் வளையும். உள்ளேடு விழாமல் நிற்கும் அளவு இழுவை போதும். நம் சூட்டில் எலாஸ்டிக் நாளடைவில் தளரும், ஒரு முழம் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கைப்பேசியில் நாட்காட்டி இருக்கிறதே?

இருக்கட்டும். மணி அடித்து நினைவூட்ட அதுதான் நல்லது, நானும் வைத்திருக்கிறேன். யோசித்து வரிசைப்படுத்த எனக்குத் தாள் வேண்டும்.

படம், ஸ்டிக்கர், வண்ணமெல்லாம் வேண்டுமா? எனக்குக் கை ஓடாது.

வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2013-இல் ரைடர் கேரல் வெளியிட்ட புல்லட் ஜர்னல் முறை மிக எளிமையானது. வேலைக்குப் புள்ளி, முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி, நாளைக்குத் தள்ளினால் அம்புமுனை, நிகழ்ச்சிக்குச் சின்ன வட்டம், குறிப்புக்குக் கோடு. இதைத் தமிழில் எழுதினால் அப்படியே வேலை செய்கிறது. ஒரே வேலைக்கு மூன்று நாள் அம்புமுனை விழுந்தால், அதைச் செய்வதா விடுவதா என்று அன்றைக்கே முடிவு எடுத்துவிடுவேன். என் மகள் பூப்படம் வரைகிறாள், அதுவும் அழகுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். மருந்துக் கணக்குக்கு உதவுமா?

நன்றாக உதவும். அதற்கென்று தனி உள்ளேடு வையுங்கள். முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், அளவு, எப்போது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. அப்புறம் நாளுக்கு ஒரு வரி: சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், ஏதாவது வலி சொன்னாரா. கிளினிக்கில் டாக்டர் கேட்கும்போது பெரியவர்கள் “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். ஏட்டை நீட்டினால் அவர் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார். அடுத்த சந்திப்புத் தேதி அட்டையைப் பின்பையில் வையுங்கள். கூட யார் போனாலும், அந்த உள்ளேட்டை மட்டும் உருவிக் கொடுத்து அனுப்பலாம்.

எழுதி முடித்த உள்ளேடுகளை என்ன செய்கிறீர்கள்?

முதுகில் மாதமும் வருடமும் எழுதி, பிஸ்கட் டின்னில் நிற்க வைக்கிறேன். ஒரு வருடத்துக்கு ஆறு தினசரி ஏடு, ஒரு மாதக் கட்ட ஏடு, இரண்டோ மூன்றோ தனி ஏடு. ராமபாணப் பூச்சி தாளைத் தின்னும் என்பதால் டின்னை இறுக மூடி, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட வைப்பேன். அப்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தான் முதல் வகுப்புக்குப் போன நாளின் பக்கத்தைத் தேடி எடுப்பாள். அதில் “காலணி ஒரு அளவு பெரிது, மாற்ற வேண்டும்” என்று மட்டும் எழுதியிருக்கிறேன், பக்கத்தில் பெருக்கல் குறி.